நாக்குக்கு அடியில வைக்குற மாத்திரை: மருந்துக்கு நாலரை ஸ்டார், குடுக்குற கவுண்ட்டருக்கு ரெண்டு

மொதல்லயே சொல்லிடுறேன், மருந்து எனக்கு இல்ல, ஹெராயின் பழக்கத்துல சிக்குன என் தம்பிக்கு. ஆனா ரெண்டு வருஷமா கூடவே அலையுறது நான்தான், அதனால எழுதலாம்னு நெனச்சேன். பியூப்ரினார்ஃபினும் நலாக்ஸோனும் சேந்த மாத்திரை, பேரு வாயில நொழையாது, வீட்ல நாங்க "நாக்கு மாத்திரை"ன்னுதான் சொல்றோம்.

இதுக்கு முன்னாடி மூணு தடவ அட்மிஷன் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் பத்து பதினஞ்சு நாள் உள்ள வச்சு எல்லாத்தையும் நிறுத்தி "சுத்தமாயிட்டான், கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்புவாங்க, ஒரு மாசம் தாண்டாது. மூணாவது தடவ வீட்டுக்கு வந்த எட்டாவது நாள் பாத்ரூம்ல உதடு நீலம் பூத்துக் கெடந்தான். தப்பிச்சது அவன் நேரம். அப்புறமா வேற ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது, கொஞ்ச நாள் நிறுத்துனாலே உடம்பு தாங்குற அளவு எறங்கிடுமாம், மனசு மட்டும் பழைய அளவையே கேக்கும், அதைப் போட்டா மூச்சு அடங்கிடும். இந்த ஒரு விஷயத்த டிஸ்சார்ஜ் சீட்டு குடுக்கறப்ப சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?

சரி மருந்துக்கு வர்றேன். எங்க சித்தப்பா மொத நாள்லயே கேட்டாரு, "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா?"ன்னு. எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. இந்த மருந்தும் ஓபியாய்டு, அதாவது அபின், ஹெராயின் குடும்பத்து வகைதான், ஆனா மூளைல ஹெராயின் போய் ஒக்கார்ற அதே எடத்துல இது போய் கெட்டியா ஒக்காந்துக்கும், வேலைய மட்டும் அரைகொறையாத்தான் செய்யும். குளிரு, கை கால் கொடச்சல், வயித்தப் பெரட்டுறது எல்லாம் அடங்குற அளவுக்கு செய்யும், ஆள மயக்கத்துல தள்ளாது, ஒரு அளவுக்கு மேல டோஸ ஏத்துனாலும் பெருசா ஏறாது. மூச்ச அமுக்குறதும் ஒரு எல்லையோட நின்னுடும், ஆனா குடியோ தூக்க மாத்திரையோ கூட சேந்தா அந்த கணக்கெல்லாம் செல்லாது, ஆள் போயிடலாம், இத பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும். நலாக்ஸோன் எதுக்குன்னா யாராவது கரைச்சு ஊசில ஏத்துனா தூக்கிப்போட்டு அடிக்கும், நாக்குக்கு அடியில வச்சா அது பெருசா உள்ள ஏறாது.

மொத நாள் கதைய சொல்லியே ஆகணும். வித்ட்ராவல், அதாவது போதை எறங்கி உடம்பு படுத்துற நெலம, நல்லா ஆரம்பிச்ச பெறகுதான் மொத மாத்திரை குடுக்கணும், ஹெராயின் மாதிரி சீக்கிரம் எறங்குறதுன்னா கடைசியா எடுத்து ஒரு 12 மணி நேரமாவது ஆகியிருக்கணும். இவன் "நேத்து ராத்திரிதான் கடைசி"ன்னான். உண்மையில காலைல எடுத்துட்டு வந்திருக்கான், எனக்கே தெரியாது. மாத்திரை போட்ட முக்கா மணி நேரத்துல வேர்த்து ஊத்துது, கொட்டாவி மேல கொட்டாவி, மூக்கு ஒழுகுது, வாந்தி, பெஞ்ச்ல சுருண்டுக்கிட்டு "அக்கா விஷத்த குடுத்துட்டாங்கக்கா"ன்னு அழுவுறான். உள்ள இருந்தத இது ஒரேடியா தள்ளிவிட்டுட்டு ஒக்காந்துருச்சு, அதான் விஷயம். சிஸ்டர் ஒருத்தங்க திட்டாம கொள்ளாம பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டாங்க, ரெண்டு ஸ்டார்ல ஒரு ஸ்டார் அவங்களுக்குத்தான். அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு டைம மட்டும் உண்மைய சொல்லுங்க, அங்க யாரும் போலீஸ் இல்ல.

8 மி.கி.ல கொஞ்ச நாள் ஓட்டுனாங்க, சாயங்காலம் ஆனா மறுபடி உடம்பு முறுக்கும், ஏக்கமும் வரும். அஞ்சு மாசத்துல ரெண்டு தடவ வழுக்கிட்டான். யூரின் டெஸ்ட்ல தெரிஞ்சதும் அங்க என்ன பண்ணாங்க தெரியுமா, தண்டனையா டோஸ கொறச்சாங்க! சுகர் ஏறுனா இன்சுலின கொறைப்பாங்களா யாராவது? பெறகு வந்த டாக்டரம்மா 16க்கு ஏத்துனாங்க, ஒரு வாரத்துல ஆளு மாறிட்டான். மாறிட்டான்னா சினிமா மாதிரி இல்ல, ராத்திரி தூங்குனான், காலைல எழுந்தான், என் பர்ஸ மேசை மேலயே வச்சுட்டுப் போக ஆரம்பிச்சேன், அவ்ளோதான்.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. ஸ்வீடன்ல 40 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி, 2003ல வெளியாச்சு. எல்லாருக்கும் கவுன்சிலிங் உண்டு. 20 பேருக்கு இந்த பியூப்ரினார்ஃபின் தெனமும் 16 மி.கி., மீதி 20 பேருக்கு ஆறு நாள்ல கொறச்சு நிறுத்திட்டு வெறும் டம்மி மாத்திரை. ஒரு வருஷம் கழிச்சு மருந்து எடுத்தவங்கள்ல 15 பேர் சிகிச்சைல இருந்தாங்க, டம்மி பக்கம் ஒருத்தர் கூட மிஞ்சல, அதுல 4 பேர் செத்தே போயிட்டாங்க. நாங்க மூணு தடவ பண்ணது அந்த ரெண்டாவது பக்கம்தான். சித்தப்பா ஒண்ணும் பேசல, ஆனா "எப்ப நிறுத்துவான்"னு கேக்குறத மட்டும் விடல. பிரஷருக்கு மாத்திரை போடுறவர் அவரு, அத எப்ப நிறுத்துவீங்கன்னு நானும் கேட்டுட்டேன்.

இதே சிகிச்சைக்கு குடுக்குற இன்னொரு மருந்தான மெத்தடோன் பத்தி கேக்குறவங்களுக்கு: அது முழு வேகத்துல வேலை செய்யுறது, 1960கள்லருந்தே இந்த சிகிச்சைல இருக்கு, ஆளுங்கள சிகிச்சைல புடிச்சு வைக்கிறதுல இதவிட கொஞ்சம் மேலயே. ஆனா ஆரம்பிக்குற மொத சில வாரம் டோஸ்ல ரொம்ப கவனம் வேணும், இதயத் துடிப்புல சிக்கல் வரலாம்னு ஈசிஜியும் பாப்பாங்க. தம்பிக்கு நாக்கு மாத்திரையே செட் ஆயிடுச்சு, அதனால அது பக்கம் போகல.

கொறைன்னு பாத்தா அந்த கசப்பு, ஒரு மாதிரி செயற்கை ஆரஞ்சு வாசனையோட கசக்குமாம். கரைய அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், முழுங்கிட்டா பாதி வீண், அதனால வாய்ல எச்சி ரொம்பி புருவத்தாலயே பதில் சொல்லிக்கிட்டு ஒக்காந்திருப்பான். வாய் காஞ்சிருந்தா முன்னாடி ஒரு மடக்கு தண்ணி குடிச்சா சீக்கிரம் கரையும். மலச்சிக்கல் நெறைய பேருக்கு வரும். பல்லு முக்கியம், சொத்தை வருதுன்னு அமெரிக்க மருந்துத் துறையே 2022ல எச்சரிக்கை விட்டுச்சு, முழுசா கரைஞ்சதும் தண்ணியால கொப்பளிச்சு முழுங்கணும், ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பல்லு வெளக்கணும். எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது, ரெண்டு கடவாய்ப்பல் போச்சு.

மிச்ச ஸ்டார் ஏன் இல்லன்னா கவுண்ட்டர். மருந்து இவ்ளோ வேலை செய்யுது, அத வாங்குறதுக்கு தெனமும் ஒம்பதரைக்குப் போய் நின்னு நாக்க தூக்கிக் காட்டிட்டு வரணும், பதினொன்ணுக்கு மூடிடுவாங்க, எந்த வேலைல இதுக்கு ஒத்துப்பாங்க? கெடச்ச ஒரு வேலையும் அப்படித்தான் போச்சு. எட்டு மாசம் கழிச்சுத்தான் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு குடுத்தாங்க. கள்ளத்தனமா வித்துடுவாங்கன்னு பயம், புரியுது, ஆனா லைன்ல நின்னு வெறுத்துப்போய் விட்டவங்க மூணு பேர எனக்கே தெரியும், விட்டதும் மறுபடி அந்த ஆபத்தான வாரங்கள்தானே. சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் தெறந்து வச்சாங்கன்னா சொல்லுங்க, வந்து ஸ்டார ஏத்துறேன்.