ஏர் சஸ்பென்ஷன் மாட்யூல்: புதுசு, பழசு, பழுதுபார்ப்பு – எது சரி?

காற்றில் நிற்கும் சஸ்பென்ஷனைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டிதான் மாட்யூல். அது போய்விட்டது என்று உறுதியானால் புதிது வாங்கலாம், உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதைப் போடலாம், இருப்பதையே சரி செய்யலாம். பழுதுபார்ப்பைத்தான் முதலில் முயல வேண்டும். அந்த வண்டிக்கான கோடிங்கும் (வண்டிக்கேற்ற மென்பொருள் அமைப்பு) உயர அளவுகளும் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அதைக் காப்பாற்றினால் பாதி வேலை மிச்சம்.

மூடியைக் கழற்றி, போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கனெக்டர் பின்னைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய வளையம் தெரிந்தால் அது விரிசல் விட்ட சோல்டர். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். தண்ணீர் இறங்கி, சிப்பின் கால்களுக்கு அடியில் பச்சை பூத்திருந்தால் அந்த போர்டை நம்பாதீர்கள். சுத்தம் செய்து ஓடவைத்தாலும் திரும்பவும் மக்கர் செய்யும்.

அப்போது பழையது கைகொடுக்கும். பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஆனால் அதற்குள் வேறொரு வண்டியின் அடையாளம் இருக்கும். சில கார்கள் அதை ஏற்கவே ஏற்காது. எட்டுக் கால் மெமரி சிப் தனியாக இருந்தால், உங்கள் வண்டியின் சொந்த போர்டில் உள்ள தகவலைப் படித்து இதில் எழுதிவிடலாம். தகவல் ப்ராசஸருக்குள் இருந்தால் அதற்கான கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

புதியதற்குச் செலவு அதிகம். பல வண்டிகளில் அது வெறுமையாகவே வரும். கம்பெனி மென்பொருளால் கோடிங் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரியில் சப்போர்ட் சார்ஜர் இருக்கட்டும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் புது மாட்யூலே முடங்கிப்போகலாம்.

எதைப் போட்டாலும், பழையதைக் கொன்றது எது என்று பார்க்காமல் போடாதீர்கள். காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கில் ஒரே மாதிரி காயில்களின் ஓம் அளவு கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் ஷார்ட். புது மாட்யூலில் அந்தக் காயிலை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டையும் அதுவே எரிக்கும். பெல்லோ (காற்றுப் பை) கசிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, அதை ஆன் செய்யும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரே 5 வோல்ட் லைனில் உள்ள உயர சென்சார்களில் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த லைனில் உள்ள எல்லா சென்சாரும் விழும்; பார்வைக்கு மாட்யூல் செத்தது போலவே தெரியும். எர்த்தையும் விடாதீர்கள்: கம்ப்ரஸர் ஓடும்போது மாட்யூலின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதல் வேலை வயரிங்தான்.

கழற்றும் முன் ஸ்கேனரில் கோடிங்கையும் நான்கு மூலை அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி மோடை (சஸ்பென்ஷன் தானாக ஏறி இறங்காமல் நிறுத்தும் அமைப்பு) போட்டு, பாடியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும். காற்றை மட்டும் நம்பிக் கையை நீட்டக் கூடாது. பேட்டரி நெகட்டிவை எடுத்த பிறகே கனெக்டரில் கை வைக்கவும்.

மாட்டியதும் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் மில்லிமீட்டரில் அளந்து ஸ்கேனரில் கொடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்து, வண்டி ஒரு மூலையில் சாய்ந்தே நிற்கும்.