மொட்டை மாடி வெயிலுக்கு எந்த பைப்: பிவிசியா, சிபிவிசியா, ஜிஐயா?

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய், டேங்கிலிருந்து இறங்கும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு எல்போ (பைப் திரும்பும் இடத்து வளைவு ஜாயின்ட்) விட்டுக்கொண்டால், "வெயிலில் பிரஷர் ஏறிப்போச்சு" என்பார்கள். டேங்க் பக்கம் வழி திறந்திருக்கும்வரை பிரஷர் ஏறாது. விரியும் தண்ணீர் டேங்குக்குள் போய்விடும். குழாய்க்கு மேல் 3 மீட்டரில் தண்ணீர் நின்றால் 0.3 பார் (பார் என்பது பிரஷரின் அளவு), எந்த வெயிலிலும் அவ்வளவுதான். குறைவது பைப்பின் பலம்.

இதில் முதலில் அடிவாங்குவது பிவிசி. 23 டிகிரியில் 10 பார் தாங்கும் பைப், 49 டிகிரியில் 4 பார்தான் தாங்கும். 60 டிகிரியில் 2 பாரை ஒட்டி வந்துவிடும். டேங்கிலிருந்து தானாக இறங்கும் லைனுக்கு அதுவே தாராளம். ஆனால் பிரஷர் பம்ப் போட்ட வீட்டில், குழாயைச் சட்டென மூடும்போது விழும் அடியையும் சேர்த்தால், அது எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

சிபிவிசி, அதாவது சூடு தாங்க குளோரின் கூட்டிய பிவிசி, இங்கே தெளிவாக முந்துகிறது. எஸ்டிஆர் 11 ரகம் (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப் போல் 11 மடங்கு) 23 டிகிரியில் சுமார் 28 பார், 82 டிகிரியில்கூட 7 பார் தாங்கும். விலை கூடுதல். வெயில் நேரடியாகப் பட்டால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வரும் என்பதால், தண்ணீரில் கரைக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும். தின்னர் கலந்த பெயின்ட் வேண்டாம், அது பைப்பையே கெடுக்கும்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், வெயிலில் பலம் இழப்பதே இல்லை. அதன் சிக்கல் உள்ளே ஏறும் துரு. வருடங்கள் போகப் போக ஓட்டை சிறுத்து, தண்ணீர் நூலாக வரும். இன்னொன்று, நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) மூடிய கேட் வால்வுக்கும் நடுவே தண்ணீர் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் ஏறும். பிளாஸ்டிக் பைப் தானும் விரிந்து கொஞ்சம் இடம் கொடுக்கும். இரும்பு அப்படிக் கொடுக்காது.

அப்புறம் நீளம். 30 டிகிரி சூடு ஏறினால் 10 மீட்டர் பிளாஸ்டிக் பைப் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளும். ஜிஐ 4 மில்லிமீட்டர்கூட நீளாது. கிளாம்பை இறுக்கிவிட்டால் பைப் வில்லாக வளைந்து, அந்த இழுப்பு முழுவதும் எல்போவில் போய் நிற்கும். மதியம் விட்டுக்கொள்ளும் ஜாயின்ட்டுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பம்ப் லைனுக்கு சிபிவிசி, டேங்கிலிருந்து இறங்கும் லைனுக்குத் தடிமனான பிவிசி. இரண்டிலும் கிளாம்புக்குள் பைப் வழுக்கிப் போகிற அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள்.