25 வருடம் கடந்த காருக்குத் தடையில்லை என்று சொல்லி என்னிடம் பதினெட்டரை இலட்சம் வாங்கிவிட்டார்கள்

நேற்றுப் பிற்பகல் வங்கியிலிருந்து வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிளின் திறப்பைப் போடக்கூட முடியாமல் கை நடுங்கியது. ஜப்பானிலிருந்து பழைய கார்களை வரவழைத்துத் தருவதாகச் சொல்லும், யாழ்ப்பாணத்து முகவர் நிலையம் ஒன்றிடம் பதினெட்டரை இலட்சம் ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

நான் கேட்டது 2000ஆம் ஆண்டு சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. 1995இல் கொலின் மெக்ரே உலக ரலிக் கார்ப் பந்தயச் சம்பியனானது இம்பிரேசாவில்தான். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்த நாட்களில் ஒரு பழைய சஞ்சிகையில் அந்த நீலக் காரின் படத்தைப் பார்த்த சிறுவன் நான். முப்பது வருட ஆசை அது. வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதும், சீட்டுக் காசையும் அக்கா கனடாவிலிருந்து அனுப்பியதையும் சேர்த்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய கார்களைக் கொண்டுவர முடியாது என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னவுடனேயே உரிமையாளர் சிரித்தார். “தம்பி, அது சாதாரணக் காருக்கு. 25 வருடம் கடந்தால் அது சேகரிப்பு வாகனம், அதுக்குத் தடையில்லை” என்றார். ஜப்பானில் காரை ஏலம் விடும்போது அதன் நிலையை எழுதிவைக்கும் ஏலத் தாளின் படத்தைக் கைபேசியில் காட்டினார். தரம் நாலு என்று இருந்தது. அந்தப் படத்தில் அடிச்சட்ட இலக்கத்தின் (சேசிஸ் நம்பர்) கடைசி மூன்று எண்களின்மேல் யாரோ ஒருவருடைய பெருவிரல் இருந்ததை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. நான் கொண்டுபோன பத்தொன்பது இலட்சத்தை எண்ணி முடித்தவர், அதிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்து என் கையில் திருப்பி வைத்து, “இவ்வளவு தேவையில்லை, பதிவுச் செலவுக்கு வைச்சிருங்கோ” என்றார். என்னிடமிருந்த கடைசிச் சந்தேகமும் அந்த ஐம்பதாயிரத்தோடுதான் போனது. ஏமாற்றுகிறவன் காசைத் திருப்பித் தருவானா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னதை நினைக்க இப்போது வயிறு எரிகிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்றார்கள். அதன் பிறகு, கார் கொழும்புக்கு வரவில்லை, அம்பாந்தோட்டையில் இறக்கியிருக்கிறார்கள் என்றார்கள். கப்பலேற்றிய பத்திரத்தின் பிரதியைக் கேட்டபோது, “அண்ணை கொழும்புக்குப் போட்டார், வந்தவுடன் எடுப்பார்” என்று ஒரு பெடியன் மூன்று கிழமையாக அதே வசனத்தைச் சொன்னான். தொலைபேசி இப்போது அணைந்திருக்கிறது.

பொறுக்க முடியாமல்தான் வங்கிக்குப் போனேன். என் பெயரில் எல்சி, அதாவது இறக்குமதிக் காசுக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், திறந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அந்த உத்தியோகத்தர் கார் எந்த ஆண்டு என்று கேட்டார், சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு, “ஐயா, இந்த வயதுக் காருக்கு இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எங்கே? அது இல்லாமல் எந்த வங்கியும் எல்சி திறக்காது” என்றார். இரவு, கனடாவில் இருக்கும் மச்சானிடம் கேட்டபோதுதான் மிச்சமும் விளங்கியது: 25 வருடம் என்பது அமெரிக்காவின் விதி, கனடாவில் அது 15 வருடம். வேறொரு நாட்டுச் சட்டத்தை எங்கள் நாட்டுச் சட்டம் என்று சொல்லித்தான் பதினெட்டரை இலட்சத்தை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கார் வந்திருந்தாலும், எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, சுங்க வரி, மேலதிக வரி, அத்தனைக்கும் மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) என்று கணக்குப் பார்த்தால், அந்தக் கடை உரிமையாளர் சொன்ன மொத்த விலை எந்த வகையிலும் சாத்தியமில்லை. அதையாவது நான் காசு கொடுக்க முதல் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஒருநிலையில் இல்லை. காசு கொடுக்க முதல் வங்கியில் போய்க் கேளுங்கள். எல்சி இல்லாமல் தனிப்பட்ட கணக்குக்கோ கையிலோ முற்பணம் கொடுக்க வேண்டாம். அடிச்சட்ட இலக்கத்தை முழுமையாக வாங்கி, ஏலத் தாளை நீங்களே சரிபாருங்கள். வர்த்தமானியில் இருப்பதாக யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் பற்றுச்சீட்டில் கார் என்ற சொல்லே இல்லை. “ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது” என்றுதான் சிறிய எழுத்தில் இருக்கிறது, கீழே 1,850,000 ரூபாய். பொலிசார் முதலில் கேட்டதும் அதைப் பற்றித்தான். இப்படி ஒரு முகவரிடம் முற்பணம் கட்டியிருந்தால் உங்கள் பற்றுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள்; அதே வசனம் இருந்தால் அதன் பிரதியோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு பதியுங்கள்.