பக்கத்து வசனத்தையும் திறக்கும் செயலி: மூன்று நட்சத்திரம்

எட்டு மாதமாக இந்தக் குர்ஆன் விரிவுரைச் செயலியை வைத்திருக்கிறேன். இறக்கியது மச்சானால். குடும்பக் குழுவில் யாராவது 'இணைவைப்பாளர்களை (இறைவனுக்கு இணையாக வேறு தெய்வங்களை வைப்பவர்களை) கண்ட இடத்தில் கொல்லுங்கள்' என்று வரும் 9:5-ஐ மட்டும் வெட்டி அனுப்பினால், பதிலுக்கு இவர் மார்க்கத்தில் கட்டாயம் கூடாது என்கிற 2:256-ஐ ஒட்டுவார். ரெண்டு தரப்பும் அதற்கு மேல் ஒரு வரி படித்திருக்காது. நானும்தான்.

எனக்குப் பிடித்தது இதுதான்: ஒரு வசனத்தைத் தொட்டால் முன்னும் பின்னும் இருப்பதும் சேர்ந்தே திறக்கும். 9:5-ஐத் தொட்டேன். மேலே 9:4, உடன்படிக்கையை முறிக்காத இணைவைப்பாளர்களிடம் தவணை முடியும்வரை சொல் காக்கச் சொல்கிறது. கீழே 9:6, அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவாக்கைக் கேட்கவிட்டு, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. வெட்டி அனுப்புகிறவர்கள் இந்த ரெண்டையும் எப்படித் தாண்டினார்களோ!

2:256, 'மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை'. இதன் பின்னணிக்கு அபூதாவூத் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ள, நபித்தோழர் இப்னு அப்பாஸின் அறிவிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இஸ்லாத்துக்கு முந்தைய மதீனாவில் பிள்ளை தங்காத பெண்கள், 'இது பிழைத்தால் யூதனாக வளர்க்கிறேன்' என்று நேர்ந்துகொள்வார்களாம். ஹிஜ்ரி 4-இல் பனூ நளீர் என்ற யூதக் குலம் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கூட்டத்தோடு அன்சாரிகளின் (மதீனா முஸ்லிம்களின்) பிள்ளைகளும் இருந்தார்கள். 'எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்' என்று பெற்றவர்கள் நின்றபோது இறங்கிய வசனமாம். அதுவரை நான் இதை வாதத்துக்கு எடுக்கும் வரியாக மட்டுமே வைத்திருந்தேன். அன்று கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

இனி குறை. அதே வசனத்தின் தலையில் சிவப்புப் பட்டை: 'சட்டம் மாற்றப்பட்டது'. அதாவது, பின்னால் வந்த வசனம் இதன் சட்டத்தை நீக்கிவிட்டதாம். அப்படிச் சொன்ன பழைய விரிவுரையாளர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதே செயலியில் பழைய விரிவுரையாளர் தபரீயைத் திறந்தால், அவர் மாற்றப்படவில்லை என்கிறார். ஜிஸ்யா (இஸ்லாமிய ஆட்சியில் முஸ்லிமல்லாதவர்கள் கட்டும் வரி) ஏற்கப்படுகிறவர்களுக்கு உரியது என்று சுருக்குகிறார். (மச்சான் நினைக்கிற அளவு விரிந்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.) மாற்றப்பட்ட வசனங்கள் எத்தனை என்பதிலேயே வழக்கு இருக்கிறது. அறிஞர்களில் ஸுயூத்தி சுமார் 20 என்றார், அவருக்குப் பின் வந்த ஷாஹ் வலியுல்லாஹ் ஐந்தோடு நிறுத்தினார். அந்த ஐந்தில் 2:256 இல்லை. பிறகு யாரை நம்பி அந்தப் பட்டை?

மதம் மாறியவர் பற்றிய பக்கம் இன்னும் மோசம். புகாரி தொகுப்பில் உள்ள, மதம் மாறியவரைக் கொல்லச் சொல்லும் ஹதீஸைப் போட்டு, 'ஒருமித்த கருத்து' என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். மதம் மாறிய பெண்ணைக் கொல்லக் கூடாது என்ற ஹனஃபி சட்டப்பள்ளியின் நிலைப்பாடு இல்லை. தனி அறிவிப்பு ஹதீஸை (பலர் வழியாக அல்லாமல் ஓரிருவர் வழியாக மட்டும் வந்ததை) வைத்து இந்தத் தண்டனையை நிறுவ முடியுமா என்று, கெய்ரோவின் அல்அஸ்ஹர் கல்வி நிறுவனத்தின் ஷேக்காக (தலைவராக) இருந்த மஹ்மூத் ஷல்தூத் எழுப்பிய கேள்வியும் இல்லை.

தேடல் வேகம். எழுத்தைப் பெரிதாக்கலாம். தினசரி அறிவிப்பில் மட்டும் பாதி வசனம் வருகிறது, அணைத்துவிட்டேன்.

பட்டையை எடுங்கள், இல்லாவிட்டால் யார் சொன்னது என்று பெயரையாவது போடுங்கள் என்று எழுதினேன். அதன் பிறகு ரெண்டு புதுப்பிப்பு வந்துவிட்டது. பட்டையின் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான்.