களிமண் உருண்டையில ஓர்க்கிட்: பத்தரமுல்லயில வாங்கின லேக்காவும் சாடியும்

பத்தரமுல்ல தியத்த உயனவில செடிக்கடையள் இருக்குதெல்லோ, அதில ஒண்டில லேக்கா எண்டு சொல்லுற களிமண் உருண்டைப் பையும் பக்கத்தில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சாடியும் வாங்கி, வெள்ளவத்தையில எங்கட பிளாட் பல்கனியில பெலனொப்சிஸ் எண்டுற ஓர்க்கிட் வகைக்குப் பாவிச்சுக்கொண்டு வாறன். பெலனொப்சிஸ் வச்சிருக்கிற ஆக்கள் தாராளமா வாங்கலாம். வண்டா எண்டுற ஓர்க்கிட் வகை மட்டும் வச்சிருந்தா காசைச் செலவழிக்காதேங்கோ, அது கூடையில வேர் தொங்க நல்லா நிக்கும்.

ஓர்க்கிட்டுக்கு வழமையாப் போடுற தேங்காய்ப் பொச்சுத் துண்டு மலிவுதான், ஆனா கொழும்பில மே மாசம் மழை தொடங்கினா அது காயவே காயாது, ஊறி உக்கி இறுகி வேருக்குக் காத்தே போகாமப் பண்ணிடும், ஓர்க்கிட் வேர் அழுகுறது தண்ணியால எண்டுறதைவிட காத்தில்லாமத்தான். இந்த உருண்டை 1200 பாகை செல்சியஸ் அளவில சூளையில சுட்டெடுக்கிறது, அந்தச் சூட்டில களிமண் பொரி மாதிரி ஊதி உள்ளுக்க முழுக்க துவாரமாயிடும். உக்காது, இறுகாது, கழுவிப்போட்டுத் திரும்பப் பாவிக்கலாம்.

சாடியின்ர ஓட்டை அடியில இல்ல, ஒரு அங்குலம் மேல பக்கவாட்டில இருக்கு. அதுக்குக் கீழ தண்ணி நிக்கும், உருண்டை அதை மேல இழுத்து வேருக்குக் குடுக்கும், உருண்டைக்கு இடையில காத்து ஓடும். மழை கொட்டினாலும் மிச்சம் ஓட்டையால வழிஞ்சு போயிடும். ஈரம் ஆவியாகேக்க வேர்ப்பக்கம் கொஞ்சம் குளிரும், குளிர் நாட்டுக்காரருக்கு அது பிரச்சினை, எங்கட வெக்கைக்கு நல்லதுதான். செமி ஹைட்ரோ எண்டு இந்த முறையை அமெரிக்காவில ரே பார்க்கலோவ் எண்டவர்தான் ஓர்க்கிட் ஆக்களிட்ட நல்லாப் பரப்பினவர்.

பையில எனக்குப் பிடிக்காதது தூள். கடையில கழுவத் தேவையில்ல எண்டு சொல்லித்தான் தந்தவை, அதை நம்பாதேங்கோ, தண்ணி தெளியும் வரைக்கும் கழுவி ஒரு நாள் ஊற விட்டுட்டுப் போடுங்கோ, இல்லாட்டி அந்தச் சேறு அடியில படிஞ்சு ஓட்டையை அடைக்கும். உடைஞ்ச துண்டுகளும் கலந்து கிடக்கு, அரிச்சு எடுக்கோணும்.

செடியைப் பொச்சில இருந்து உருண்டைக்கு எப்ப மாத்துறது எண்டதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். பச்சை நுனியோட புது வேர் வெளிக்கிடேக்க மட்டும் மாத்துங்கோ. பழைய வேர் பொச்சுக்குப் பழகினது, இந்த ஈரத்தில அதில கொஞ்சம் அழுகத்தான் செய்யும், புது வேர் தொடக்கத்திலயே இதுக்குள்ள வளர்ந்து பழகிக்கொள்ளும். பூத்து நிக்கேக்க கை வைக்க வேண்டாம், பாவம் அந்தச் செடி.

உருண்டையில சத்து ஒண்டும் இல்ல, அதால பசளை நீங்கதான் குடுக்கோணும், நல்லா ஐதாக்கி அடிக்கடி. யூரியா கூடின பசளை இதுக்குச் சரிவராது, அதைப் பிரிச்சுக் குடுக்கிற நுண்ணுயிர் பொச்சில இருக்கிற அளவுக்கு இங்க இல்ல, நைத்திரேற்று இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. மேல வெள்ளையாப் படியிறது உப்பு, சும்மா தண்ணியை நிறைய ஊத்தி வழிய விட்டா போயிடும்.

அடுத்தது நுளம்பு. டெங்கு உள்ள ஊரில வீட்டில தண்ணி தேக்குறம் எண்டுறதை லேசா எடுக்கேலாது, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கிறதுக்காக மட்டும் சொல்லேல்ல, பக்கத்து வீட்டில குழந்தைப்பிள்ளையள் இருக்குதுகள். முட்டையில இருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதால கிழமைக்கு ஒருக்கா சாடியைச் சரிச்சு பழைய தண்ணி முழுக்க ஊத்திட்டு புதுசு விடுங்கோ. கீழ தட்டு வைக்கவே வேண்டாம். அதே கடையில ஒரு சாடிக்குள்ள இன்னொரு சாடி வைக்கிற வடிவான செட்டும் விக்கினம், ரெண்டுக்கும் இடையில தண்ணி திறந்தபடி நிக்கும், நுளம்புக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. நான் எடுத்த ஒற்றைச் சாடியில தண்ணி உருண்டைக்குள்ள மறைஞ்சு நிக்குது, இதையே கேட்டு வாங்குங்கோ.

விலை பொச்சை விட நல்லாக் கூட, ஆனா பொச்சை மாத்தி மாத்திப் போடுற செலவும் செடி போற கவலையும் இல்லாததால எனக்குப் பெறுமதிதான். சின்னப் பை ஒரு நடுத்தரச் சாடிக்கே மட்டுமட்டு, ரெண்டு மூண்டு செடி இருந்தா பெரிய பையா எடுங்கோ.