ஃபோல்ட்எக்ஸ்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஃபோல்ட்எக்ஸ் என்ற கணினி நிரலை முதுகலை ப்ராஜெக்டுக்காக ஆறு வருடத்துக்கு முன் இறக்கினேன், இன்றும் வாரம் ஒரு முறையாவது ஓட்டுகிறேன். புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கொடுத்து, இந்த இடத்து அமினோ அமிலத்தை மாற்று என்றால், புரதம் நிலைத்து நிற்குமா தளருமா என்று கிலோகலோரிக் கணக்கில் ஒரு எண் தரும். சாதாரண லேப்டாப்பே போதும்.

எங்கே அசத்தும் என்றால், புற்றுநோயில் அடிபடும் பி53 புரதத்தில். 220-ஆம் இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் சிஸ்டீனாக மாறினால் அங்கே ஒரு பொந்து விழுந்து புரதமே ஆட்டம் காணும். ஆய்வகத்தில் அளந்த இழப்பு சுமார் 4 கிலோகலோரி. இப்படி இடிந்து விழுகிற கேஸ்களில் இந்தக் கருவியைத் தயங்காமல் நம்புவேன்.

நான் அடி வாங்கியது அரிவாள் செல் நோயில். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினில் குளுட்டாமிக் அமிலம் வேலினாக மாறும் இடம் பாடப்புத்தகத்தில் 6, மரபணுத் தரவுத்தளங்களில் 7, ஏனென்றால் அங்கே பிறகு வெட்டப்பட்டுவிடும் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறார்கள். நான் 7 என்றே போட்டேன். அமினோ அமிலத்தைக் குறிக்கும் எழுத்து பொருந்தாவிட்டால் நிரல் தகராறு செய்யும், ஆனால் அந்தப் புரதத்தில் 6, 7 இரண்டுமே குளுட்டாமிக் அமிலம், அதனால் சத்தமில்லாமல் தப்பான இடத்தை மாற்றி அழகாக ஒரு எண்ணையும் கொடுத்துவிட்டது. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

சரி, திருத்தி ஓட்டினேன். பயப்படும்படி எதுவும் வரவில்லை! அந்த வேலின் புரதத்தின் மேற்பரப்பில் இருக்கிறது, தனி மூலக்கூறு நன்றாகவே நிற்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு அது பக்கத்து ஹீமோகுளோபினில் 85, 88-ஆம் இடங்களை ஒட்டிய குழியில் போய்ச் செருகிக்கொள்ள, இழை இழையாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. ஒரு மூலக்கூறை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இது தெரியவே தெரியாது. இந்தியாவில் இந்த மரபணுவை 1952-இல் முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்த வலியோடு இன்றும் வாழ்பவர்கள் இருக்கும்போது, நிலைத்தன்மை எண் சின்னதாக வந்ததை வைத்து ‘பாதிப்பில்லை’ என்று எழுத எனக்குக் கை வராது.

அப்புறம் கொரோனாவின் ஓமைக்ரான். 2021 கடைசியில், வைரஸ் நம் செல்லைப் பிடிக்கப் பயன்படுத்தும் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்ததும், ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டிக் கூட்டிப் பார்த்தேன். அது தப்பு. 498-இல் வரும் ஆர்ஜினின் தனியாக இருந்தால் ஸ்பைக் போய் ஒட்டும் ஏசிஇ2 என்ற நம் செல்லின் புரதத்தின் மீதான பிடிப்பைச் சற்றுக் குறைக்கிறது, 501-இல் டைரோசினும் சேர்ந்துவிட்டால் பிடிப்பு பல மடங்கு கூடுகிறது. கூட்டல் கணக்கில் இது வராது. எதிர்ப்பொருளிடமிருந்து தப்பிக்கும் 484 மாற்றத்துக்கோ நிலைத்தன்மை எண்ணே பொருத்தமில்லை.

ஆய்வகத்தில் கண்டறிந்த படிக அமைப்பு இல்லாத புரதங்களுக்கு, வரிசையை வைத்து அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் மாதிரியை இப்போது எடுத்துக் கொடுக்கிறேன், நம்பக மதிப்பெண் 70-க்குக் கீழே உள்ள பகுதியைத் தொடுவதில்லை. மாற்றிய வரிசையையே ஆல்ஃபாஃபோல்டில் போட்டு, அமைப்பு அப்படியே வருகிறது, ஆகவே பாதிப்பில்லை என்று முடிவு கட்டுபவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 2023-இல் வந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற நிரல் 7.1 கோடி மாற்றங்களுக்கு, நோய் தருமா என்று மதிப்பெண் வைத்திருக்கிறது, வேகமாகச் சலிக்க அருமை. ஆனால் ஏன் என்று சொல்லாது. ஃபோல்ட்எக்ஸோ எந்த விசையில் அடி விழுந்தது என்று பிரித்துக் காட்டும், நான் இன்னும் அதை விடாததற்குக் காரணம் இதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓட்டுவதற்கு முன் மாற்றும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்தைந்து எழுத்துகளை அச்சிட்டுக் கண்ணால் ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.