கடனா, சம்பளமா? 2020-இல் இரண்டு அரசுகள் போன வழி

ஊரடங்கில் பூட்டிக் கிடக்கும் பட்டறைக்கு அரசு எப்படிக் கை கொடுக்கலாம்? முதலாளிக்குக் கடன் கிடைக்க வழி செய்யலாம். இல்லையென்றால் தொழிலாளியின் சம்பளத்தைத் தானே ஏற்கலாம். 2020-இல் இந்தியா பெரிதும் நம்பியது கடனை. பிரிட்டனும் கடன் கொடுத்தது, ஆனால் சம்பளத்தை முன்னால் வைத்தது.

இந்தியாவின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அந்த மே மாதம் வந்தது. 3 லட்சம் கோடி ரூபாய். புதிதாக அடமானம் வேண்டாம், கடன் திரும்பாவிட்டால் அரசு பொறுப்பு, நான்கு வருடத் தவணை, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். வங்கி வட்டிக்கு 9.25 சதவீதம் உச்சவரம்பு. சிறுதொழில் என்றாலே தயங்கும் வங்கிகள் இதனால் கடன் கொடுத்தன என்பது உண்மை. கஜானாவிலிருந்து உடனே பணம் போகாது என்பது அரசுக்கு வசதி.

ஆனால் கடன் எவ்வளவு கிடைக்கும்? 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம். 10 லட்சம் பாக்கி இருந்தால் 2 லட்சம். அதாவது, ஏற்கெனவே கடன் வாங்கியவருக்குத்தான் கடன். கைமாற்று வாங்கி இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் கோவைக்காரருக்கு இதில் இடமே இல்லை. கிடைத்தவருக்கும் ஆர்டரே வராத மாதத்தில் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிட்டனின் ஃபர்லோ திட்டத்தில், வேலையின்றி வீட்டில் இருந்தவரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை அரசு ஏற்றது. 2021 செப்டம்பர் வரை ஓடிய திட்டம் சுமார் 1.17 கோடி வேலைகளைத் தாங்கியது. செலவு ஏறக்குறைய 7,000 கோடி பவுண்டு. பெரிய தொகைதான், முறைகேடும் நடந்தது. ஆனாலும் பலரைக் கணக்குத் தீர்த்து அனுப்பாமல் வைத்திருந்ததால், கடை திறந்த அன்றே பழகிய ஆளே வேலைக்கு வந்து நிற்க முடிந்தது.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்குச் சம்பளம்தான் சரி. கடன், ஆர்டர் திரும்பிய பிறகு நூலோ இரும்போ வாங்க உதவும். அதற்கு முன்னால் அது சுமை.

சரி, இந்தியாவில் சம்பளத்தை யார் பெயரில் போடுவது? 100 பேர் வரை உள்ள நிறுவனங்களில், 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால், இரு தரப்புப் பி.எஃப். பங்கான 24 சதவீதத்தையும் அரசே சில மாதம் கட்டியது. பி.எஃப். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடி ரூபாய் அந்த இடத்தில் பெரிய ஆறுதல். அதற்கு முதலாளியின் பதிவேடு தேவையில்லை, வேலை அட்டை போதும். ஆனால் அது கிராமத்துக்கு மட்டும். திருப்பூரில் வாடகை அறையில் இருந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர் ஊர் திரும்பினால்தான் அந்த அட்டையும் கிடைக்கும். அப்போது பஸ்ஸும் ஓடவில்லை.